விளக்கு மந்திரி

சிராங்கூன் ரோட்டில் விஸ்வலிங்கத்துக்கு 'விளக்கு மந்திரி' என்று பட்டப்பெயர். லண்டனில் இன்ஜினீயரிங் படித்தார். அது போதாதென்று பொருளாதாரமும் படித்தார். சிங்கப்பூர் திரும்பி காஸ் ஆலையில் பத்து வருஷம் உழைத்தார். இப்போது, 1907-ல், எந்தத் தெருவுக்கு மின்சார விளக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தமிழர்.

நம் ஆட்களுக்குப் பொறுக்குமா?

பேட்டைக்கு முதல் விளக்குக் கம்பம் வருகிறது என்றதும் ஆளாளுக்குத் தங்கள் வாசலைப் பெருக்கி வைத்துக் காத்திருந்தார்கள். மனுஷன் அதைக் கொண்டுபோய்க் கள்ளுக்கடை வாசலில் நட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுவிலக்குச் சங்கம் கூடியது. தலைவர் இராஜசிங்கம், ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. கள்ளின் தீமை பற்றி ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசுவார்.

விஸ்வலிங்கத்தின் பதவி அந்த மாதத்தோடு முடிகிறது. பேட்டையின் பெரிய மனிதர்கள் எல்லாரும் அந்தச் சங்கத்தில்தான்; அது சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் இன்னும் மூன்று வருஷம். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் அவரும் வந்திருந்தார்.

"கோயில் வாசல் இருட்டு. கள்ளுக்கடைக்கு வெளிச்சம். இது ஆர் தந்த யோசனை?" என்றார் இராஜசிங்கம்.

"ஒரு மனு வந்தது. ஞாயமாப் பட்டது, செய்தன்."

"ஆர் குடுத்த மனு? பேரைச் சொல்லும்."

விஸ்வலிங்கத்தின் கை கோட்டுப் பைக்குள் போனது. எதிரே இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். கை வெறுமனே வெளியே வந்தது.

"சொல்லேலாது."

கள்ளுக்கடைக்காரன் கையூட்டு கொடுத்திருப்பான் என்றார் ஒருவர். படித்தவன் புத்தி என்றார் இன்னொருவர். பொருளாளர் இராமசாமிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"பேரைச் சொல்லிடுங்க ஐயா. வேலை தங்கும்."

"வேலை போனாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு விஸ்வலிங்கம் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சிபாரிசு கிடையாது என்று தீர்மானம். சங்கத்தின் சரித்திரத்தில் எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தது அன்றைக்குத்தான். கையோடு விளக்கை அங்கிருந்து பிடுங்கச் சொல்லியும் ஒரு தீர்மானம். அதற்கு இரண்டு கையையும் தூக்கியவர்கள் உண்டு.

இராஜசிங்கம் வெற்றி வீரராக வீடு திரும்பினார். காப்பி கொண்டுவந்த மனைவி கமலாம்பிகையிடம் நடந்ததைச் சொன்னார்.

அவள் முகம் வெளிறியது.

"இஞ்சாருங்கோ, எங்கட மனுவைச் சபையில காட்டிப்போட்டாரோ?"

"எந்த மனு?"

காட்டவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அந்த நல்ல மனிதருக்கு வேலை போனதும் புரிந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த குரலில் சொன்னாள்:

"அந்த விளக்கு வந்த நாளிலயிருந்து, முகம் தெரிஞ்சு போகுமெண்டு, நீங்களும் உங்கட சங்கத்து ஆக்களும் பொழுதுபட நேரா வீட்டை வாறியளே, அதுக்கு நாங்கள் பெண்டுகள் ஏழு பேர் குடுத்த மனு. முதல் கையெழுத்து என்ர."