புதுப் பை, சிவப்பு லைட்

"வாக்குவம் கிளீனர் பார்க்க வந்திருக்கேம்மா."

அவ்வளவுதான், லீலாவதி பிடித்துக்கொண்டாள். "தூசிப் பை நிரம்பினாத்தானே சிவப்பு லைட் எரியணும்? புதுப் பை போட்டும் எரியறதே! உங்க கம்பெனி மிஷினே லாயக்கில்லை."

வாசலில் ஸ்குரூ டிரைவரோடு நின்ற கருப்பசாமி அசரவில்லை. "மிஷின் நல்லாத்தான் இருக்கும்மா. பத்து நிமிஷம் குடுங்க, காட்டறேன்."

டெல்லி ஜனக்புரியில் தமிழ் பேசும் மெக்கானிக் கிடைத்த சந்தோஷத்தில் அவள் கோபம் பாதி இறங்கிவிட்டது. படுக்கையறைக்கே அழைத்துப் போனாள்.

"வேலைக்காரங்க யாராவது இதைத் தொட்டாங்களா?"

"அவா கையில குடுப்பேனா? நான் மட்டும்தான் தொடுவேன். வேலைக்காரியே இப்ப இல்லை. போன வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக்க வைரத் தோட்டைக் கழட்டிக் கட்டில்ல வெச்சேன். நான் ரூமைப் பெருக்கி முடிச்சுப் பார்த்தா காணோம். அன்னிக்கு உள்ள வந்தவ தங்கம் ஒருத்திதான். துரத்திட்டேன். பிளாக்ல இன்னும் ஆறு வீட்ல வேலை செஞ்சா. அங்கயும் சொல்லி நிறுத்தியாச்சு. நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன்."

"அவதான் எடுத்தான்னு நிச்சயமாத் தெரியுமா?"

"நூத்துக்கு நூறு!"

"லைட் என்னிக்கு எரிய ஆரம்பிச்சுது?"

"அதே வெள்ளிக்கிழமைதான். எல்லாக் கஷ்டமும் ஒண்ணாத்தான் வரது!"

அவன் ஸ்விட்சைப் போட்டான். சிவப்பு. குழாயைக் கழற்றினான். லைட் அணைந்தது. மறுபடி மாட்டினான். சிவப்பு.

"இந்த லைட் பையைப் பார்க்காதும்மா, காத்தைத்தான் பார்க்கும். பை நிரம்பினாலும் காத்து போகாது, குழாய் அடைச்சாலும் போகாது. ரெண்டுக்கும் ஒரே லைட்தான். அடைப்பு குழாயில இருக்கு."

ஜன்னலில் இருந்த திரைச்சீலைக் கம்பியை உருவிக் குழாய்க்குள் விட்டுக் குத்தினான். தூசி உருண்டையோடு முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்று தரையில் விழுந்தது.

லீலாவதி பாய்ந்து எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு தோடும் பளிச்சென்று மின்னின. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"நான்தான் கைக்குட்டையில முடிஞ்சு வெச்சேன்! கட்டில்லேர்ந்து விழுந்ததை நானே மிஷினால இழுத்திருக்கேன்! நீங்க நன்னா இருக்கணும். உங்க கம்பெனிக்கு இன்னிக்கே பாராட்டி லெட்டர் எழுதறேன், பேரைச் சொல்லுங்கோ."

"நான் கம்பெனி ஆள் இல்லைம்மா, திலக் நகர்ல மிக்ஸி ரிப்பேர் பண்றவன். புதுப் பை போட்டும் லைட் எரிஞ்சதா என் வீட்டுக்காரி அழுதுகிட்டே சொன்னா, அதான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகினான் கருப்பசாமி. "லெட்டரை அந்த ஆறு வீட்டுக்கும் எழுதுங்க. அவ பேரு தங்கம்."