சோறு வைக்காத காலை

பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்து வேலிக்கட்டையில் இறங்கியது கடற்காகம். தலையைச் சரித்து என் கையைப் பார்த்தது.

வெறுங்கை.

ஒக்லாந்தின் பாபடோயிட்டோயில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளம் இது. மூட்டத்துக்கு மேலே விமானம் இறங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. இப்படியான காலைகளில் மனுஷன் எதையும் நம்புவான்.

என் மனைவி ரதிதேவி செத்து ஏழு மாதம். சோறு வைக்க ஒக்லாந்தில் காகத்துக்கு எங்கே போவேன்? முதல் அமாவாசைக்குக் கரையில் இருக்கிற இந்தக் கல்லில் படைத்துவிட்டு, வெட்கத்தை விட்டு "கா, கா" என்று கூப்பிட்டேன். இதுதான் வந்தது. சோற்றைத் தொடாமல் முதலில் அப்பளத்தைத் தூக்கியது.

அவளும் அப்படித்தான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அன்றிலிருந்து தினமும் சோறு.

பத்தடி தள்ளி, ஆரும் கிட்டப் போகாதபடி கயிறு கட்டிய மேட்டில் நெடுங்கால் உள்ளானின் கூடு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். நான்கு முட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் காணாமல் போக, நான் பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டித் தீர்த்தேன்.

இப்போது ஒன்றுதான் மிச்சம்.

பறவைக் குழுவில் இருக்கிற லோஜனா நேற்று வந்து, கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த கமராவில் பதிந்ததைக் காட்டினாள். ஆரோ இங்கே சோறு போடுகினமாம், அதுக்குப் பழகின கடற்காகம்தான் முட்டையையும் எடுக்குதாம். எந்த விசரன் அது என்று நானும் சேர்ந்து ஏசினேன். இரவு முழுக்க நித்திரை இல்லை.

இன்றைக்குச் சோறு வடிக்கவில்லை. ஆனாலும் மனம் கேட்காமல் ஓர் அப்பளத்தைப் பொரித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

கடற்காகம் பொறுத்துப் பார்த்தது. பிறகு கூட்டுப் பக்கம் திரும்பியது. உள்ளான் எழும்பி, நாய்க்குட்டி மாதிரிக் குரைக்கத் தொடங்கியது.

கை தானாகப் பைக்குள் போனது. கொடுத்தால் கூட்டை விட்டுவிட்டு என்னிடம் வரும். நாளைக்கும் வரும்.

"இஞ்சாரும், இண்டைக்கு ஒண்டும் இல்லை. போம்."

அசையவில்லை. கக்கத்தில் இடுக்கியிருந்த குடையை எடுத்து ஓங்கினேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள்மேல் ஓங்காத கை.

அது எழும்பி மூட்டத்துக்குள் போய்விட்டது. உள்ளான் மெல்ல வந்து முட்டையின்மேல் உட்கார்ந்தது. நான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் ரதிதேவி கேட்டது ஒரு துண்டு அப்பளம். வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கும் அது என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது.