பிரேக் விளக்கு

“மிதிம்மா” என்றான் மகன். டிரெய்லருக்குப் பின்னால் தரையில் மண்டியிட்டு, சிவப்புக் கண்ணாடியை முறைத்துக்கொண்டிருந்தான்.

பிரேக் விளக்கு எரியவில்லை.

“நல்லா மிதிக்கிறியா?”

“இத்தனை வருஷமா மிதிக்கிறதுதான்டா என் பொழப்பு. நீ விளக்கப் பாரு.” காரின் டிரைவர் சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அது உண்மைதான். தையல் மெஷினை மிதித்துத்தான் அவனை ஆளாக்கினாள். அந்த மெஷின் இப்போது டிரெய்லரில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவதென்று மகன் முடிவு செய்துவிட்டான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஊசியைத் தொடக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். ஆபரேஷன் செய்துகொண்டதே ஊசியில் நூல் கோர்க்கத்தான் என்பது அவள் கட்சி. தைக்கக் கொடுத்திருந்தவர்களின் துணிகளைக்கூட அவனே வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் வீட்டில் மெஷினுக்கு இடம் கிடையாது. வழியில் பழைய சாமான் கடையில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு.

“நானும் வரல, மெஷினும் வராது” என்று அம்மா நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். பாசத்தில் காது அடைத்துப்போன பிள்ளைக்கு அது கேட்கவில்லை. தன்னையும் சாமானோடு சாமானாகக் கட்டிவிட்டானே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் காலையிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டாள் என்று அவன் நிம்மதியாக இருந்தான்.

பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் அவளே முன்வந்தாள். கார் கதவுக்கு வெளியே செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

வாடகை டிரெய்லரைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதற்காக விளக்கில்லாமல் ரோட்டில் இறங்கவும் அவனுக்கு மனசு வராது. விதி என்றால் விதிதான் என்று அவனை வளர்த்ததே அவள்தான்.

பல்பை மாற்றினான். துருப்பிடித்த எர்த் ஒயரைச் சுரண்டி முடுக்கினான். டிரெய்லர் ஒயரில் இருந்த பியூஸைப் பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்பச் செருகினான். ஒவ்வொரு தடவையும் “மிதிம்மா” என்றான். ஒவ்வொரு தடவையும் “உம்” என்று ஒரு சத்தம் வந்தது. விளக்கு மட்டும் மசியவில்லை.

கடைசியில் எதிர்க்கடை ஆட்டோ எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டான். டெஸ்டர் வைக்கத் தனிப் பாக்கெட்டோடு அம்மா தைத்துக் கொடுத்த காக்கிச் சட்டையில் அவர் வந்து சேர்ந்தார். இண்டிகேட்டர் போடச் சொன்னார்; இரண்டு பக்கமும் அழகாகக் கண் சிமிட்டின. பார்க்கிங் விளக்கும் பளிச்சென்று எரிந்தது. பிரேக் என்றார். ஒன்றையும் காணோம்.

“தம்பி, காரோட பிரேக் லைட்டும்தான் எரியல. அதப் பாத்தீங்களா?”

மகன் விழித்தான். இவ்வளவு நேரமும் டிரெய்லரின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தவன், காரின் வாலைப் பார்க்கவே இல்லை.

பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே எலக்ட்ரிஷியன் முன்கதவைத் திறந்து குனிந்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, டெஸ்டரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு பின்னால் வந்தார்.

“டிரெய்லர்ல ஒரு பழுதும் இல்ல தம்பி. எல்லாம் முன்னாடிதான். அது என் கைக்கு அடங்காது.”

என்ன ஏது என்று மகன் கேட்பதற்குள் அவர் தன் கடையைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டார்.

மகனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. விடுவிடென்று முன்னால் போய்க் கதவைத் திறந்தான்.

அம்மா சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரேக் பெடலில் அவளுடைய கால் படவே இல்லை.

“மெஷின இறக்கி வைடா. அத மிதிக்கிறேன்.”