டாக்டரின் கை

"அங்கிள், முதல்ல கை கழுவிட்டு வந்துடுங்க. சோப்பு சிங்க் பக்கத்துல இருக்கு."

வான்மதி சொன்னதும் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கணவன் செழியனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

டாலஸ் வட்டாரத்தில் டாக்டர் கோபாலசாமியைத் தெரியாத தமிழர் இல்லை. எத்தனையோ வயிற்றைத் திறந்து மூடிய சர்ஜன். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்த தன் பெண் குழந்தைக்கு அவர் கையால் சேனை வைக்க வேண்டுமென்று, கெஞ்சிக் கேட்டு காப்பெலில் உள்ள வீடு வரை வரவழைத்தவன் செழியன். பிறந்த குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அப்படி வந்த மனிதருக்கு வாசலிலேயே இந்த வரவேற்பு.

"ஏம் புள்ள, ஆரைப் பார்த்து என்ன சொல்றே?" செழியனின் அக்கா நாகரத்தினம் பதறிப்போனாள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். முதல் பிரசவத்துக்கும் வந்தாள், இதற்கும் கரூரிலிருந்து நேற்றுதான் வந்து இறங்கியிருந்தாள். "டாக்டரய்யாவுக்கே நீ கை கழுவச் சொல்லித் தர்றியா?"

"யாரா இருந்தாலும் கழுவணும் அண்ணி. இல்லன்னா பாப்பாவைத் தொட வேண்டாம்."

வான்மதி முன்பெல்லாம் இப்படிப் பேசுகிறவள் அல்ல. முதல் பையன் பிறந்த சில நாளிலேயே காய்ச்சல் கண்டு கண்ணை மூடினான். அதன் பிறகு வந்த பிடிவாதம் இது. அன்று ஆஸ்பத்திரியில் காரணத்தைக் கேட்க உள்ளே போகும் தெம்பு செழியனுக்கு இல்லை. அவள்தான் கோபாலசாமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். வெளியே வந்து, "காரணம் தெரியலையாம்" என்றாள், அவ்வளவுதான். இந்தக் குழந்தையையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் செழியனுக்கும் இருக்கத்தான் செய்தது. அதற்காக ஒரு பெரிய மனிதரை எல்லார் முன்னாலும் இப்படியா சொல்வது?

கோபாலசாமி கோபப்படவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, விரலிடுக்கு நகக்கண் விடாமல் நிதானமாகக் கழுவினார்.

"நாகரத்தினம்மா, மனசுல வச்சுக்காதீங்க. அந்தக் காலத்து சர்ஜன்களுக்குக் கோட்டுல எவ்வளவு ரத்தக் கறையோ அவ்வளவு பெரிய பேரு. பிரேதத்தை அறுத்த கையோட வந்து பிரசவம் பார்ப்பாங்க. தாய்மாருங்க காய்ச்சல்ல கொத்துக் கொத்தாச் செத்தாங்க. வியன்னாவுல ஒரு டாக்டர், 'கையைக் கழுவுங்கய்யா'ன்னு சொல்லிப் பார்த்தாரு. 'எங்க கையையா அழுக்குங்கறே?'ன்னு பெரிய டாக்டர்களுக்கு ரோஷம் வந்துடுச்சு."

"ஒருத்தர்கூடவா நம்பலை?" என்றான் செழியன், பேச்சு திசை மாறியதே என்ற நிம்மதியில்.

டாக்டர் சற்றுத் தயங்கினார். "ஜெர்மனியில ஒருத்தர் நம்பினாரு. அவர் பிரசவம் பார்த்த சொந்தக்காரப் பொண்ணு அதே காய்ச்சல்ல போயிருந்தா. தன் கைதான் காரணம்னு புரிஞ்சப்புறம் அவரால தாங்க முடியலை. தானே உயிரை மாய்ச்சுக்கிட்டாரு."

"அடப் பாவமே!" நாகரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாம செஞ்சதுதானுங்களே? அந்த மனுசன்கிட்ட அதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க."

வான்மதி அடுப்பு மேடையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"சரி, நீங்களே கழுவிட்டீங்க, நான் எம்மாத்திரம்?" என்று முணுமுணுத்தபடி நாகரத்தினமும் சிங்க்குக்குப் போனாள். வீம்புக்கோ என்னவோ, டாக்டரைவிட அதிக நேரம் தேய்த்தாள்.

தேன் கூடாதென்று தள்ளிவிட்டு, தாய்ப்பாலிலேயே ஒரு சொட்டைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தார் கோபாலசாமி. குழந்தை சப்புக்கொட்டியது. பிறகு அத்தையின் மடிக்குப் போய், கொஞ்ச நேரத்தில் தூங்கியும் விட்டது.

காரின் அருகே வந்ததும் செழியன் கையைப் பிசைந்தான். "சாரி அங்கிள். ரொம்ப ரூடா பேசிட்டா. அக்கா மனசும் நொந்துபோச்சு. இன்னைக்கு அவளை அக்காகிட்ட சாரி கேட்க வைக்காம விடமாட்டேன்."

கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். "அவளை ஒரு வார்த்தை சொல்லாதே. எல்லார் முன்னாடியும் என்னைக் கை கழுவச் சொல்லும்மான்னு அவளுக்கு போன் பண்ணிச் சொன்னதே நான்தான்."

"நீங்களா? எதுக்கு அங்கிள்?"

"நான் கழுவினாத்தான் உங்க அக்கா ஏன் எதுக்குன்னு கேட்காம கழுவுவாங்க." வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காரணம் எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கே தெரியும் செழியா. உன் பையனுக்குக் கிருமி போனது, உங்க அக்கா சேனை வச்ச விரல்லேருந்து. அது அவங்களுக்கு எந்தக் காலத்திலயும் தெரியக்கூடாதுன்னு வான்மதி என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."