பின்விறாந்தையில் நின்ற வோஷிங் மெசின்

மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்த செல்வநாயகியிடம், பெண்ணின் தகப்பன் சதாசிவம் பின்விறாந்தையில் நின்ற வோஷிங் மெசினைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

“இடம்பெயர்வுக்கு முந்தி எங்கடை ஐயா வாங்கினது, அக்கா. இண்டைக்கும் ஓடுது. இப்பத்தையான் சாமான் இப்பிடித் தாங்குமே?”

“தாங்காது. எங்கடை வீட்டிலையும் ஒண்டு நிண்டது. திரும்பி வரேக்கை கதவு நிலைகூட இல்லை.”

“மானங்கெட்டவங்கள்! எங்கடை குடும்பம் அடுத்தவன்ரை துரும்பையும் தொடாது.”

செல்வநாயகி மெசினின் மூடியைத் திறந்தார். உட்புறத்தில் ஆணியால் கீறிய கோணல் எழுத்தில் ‘சுகந்தினி’ என்றிருந்தது. போரில் செல்லடியில் இறந்துபோன அவருடைய மூத்த மகளின் பெயர். அதைக் கீறியதற்காக அன்று பிள்ளையை அடித்த கையால் இப்போது அந்த எழுத்துகளைத் தடவினார்.

“அக்கா, பிள்ளை தேத்தண்ணி கொண்டு வாறாள்.”

அவர் மூடியை மெதுவாகச் சாத்தினார்.

“வேண்டாம் தம்பி. இந்த வீட்டிலை நாங்கள் கை நனைக்கேலாது.”