கீறல் போக்கும் மெஷின்

"எந்த மெஷின் பெயின்ட்டைச் சுடாது? அதை மட்டும் சொல்லு. கதை வேண்டாம்."

கார் பாலிஷ் பட்டறைக்காரர் மெஷின் கடைக்குள் நுழையும்போதே கொதித்துக்கொண்டிருந்தார். அவருடைய பழைய மெஷின் போன வாரம்தான் ஒரு வாடிக்கையாளர் காரின் பெயின்ட்டைச் சுட்டுப் பொசுக்கியிருந்தது.

விற்பனைக்காரர் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார்.

"இது ஒரே இடத்துல சுத்தும் சார். வேலை சீக்கிரம் முடியும், ஆனா சூடேறும். இது சுத்திக்கிட்டே ஆடும். சுடவே சுடாது."

"கீறல் போகுமா?"

கடையில் கிடந்த, கீறல் விழுந்த பழைய கார் கதவில் பாலிஷைத் தடவி, ஆடும் மெஷினை ஓட்டிக் காட்டினார். இரண்டே நிமிடம். கதவு புதுசாகப் பளபளத்தது. பக்கத்தில் நின்ற இருவர் பர்ஸையே எடுத்துவிட்டார்கள்.

பட்டறைக்காரர் எடுத்தது பர்ஸை இல்லை, கையோடு கொண்டுவந்த ஸ்பிரிட் பாட்டிலை. துணியில் நனைத்து அழுத்தித் துடைத்தார். போன கீறல் அத்தனையும் திரும்பி வந்தது.

"பாலிஷ்ல எண்ணெயைக் கலந்து கீறலை அடைச்சு வச்சிருக்கே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா? வண்டிக்காரன் நம்பிக் காசு குடுக்கிறான்யா. அவன் வயித்தெரிச்சல் சும்மா விடுமா?"

பர்ஸை எடுத்தவர்கள் அதை மூடிக்கொண்டு வெளியேறினார்கள்.

"மெதுவா சார்" என்றார் விற்பனைக்காரர். "முதலாளி குடுத்த பாலிஷ் அது. எட்டு மாசம் சும்மா இருந்து கிடைச்ச வேலை. இதுவும் போச்சுன்னா வீட்டுல அடுப்பெரியாது."

"போகட்டும். இந்தத் திருட்டுப் பொழப்புக்குப் பிச்சை எடுக்கலாம்."

சத்தம் கேட்டு முதலாளி உள்ளிருந்து வந்தார். பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியாதாம்.

"என் கடை பேரையே கெடுத்துட்டியே. இப்பவே கிளம்பு."

விற்பனைக்காரர் முதலாளியை ஒருமுறை பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"மன்னிச்சுக்குங்க சார். நானே நல்ல மெஷினாப் பார்த்துத் தரேன்" என்றார் முதலாளி.

பட்டறைக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"மெஷின் கிடக்கட்டும். அந்தப் பாலிஷ் போட்டா, எத்தனை தடவை கழுவின பிறகு கீறல் வெளிய தெரியும்?"

"அஞ்சாறு தடவை தாங்கும் சார்."

"அப்ப ஒரு டஜன் போடுங்க."