எட்டாவது மைலில் நடந்தது

"இடுப்பெலும்புல விரிசலோட எட்டு மைல் நடந்தீங்க. இதை நாங்க நம்பணும், அப்படித்தானே?"

மடிக்கணினித் திரையில் தெரிந்த ஐந்து முகங்களில் ஓரத்து முகம்தான் கேட்டது. அவள் ஒரு மேஜர். ராணுவத்தை விட்டு அனுப்பும்போது கொடுத்த விடுவிப்புச் சான்றிதழைத் திருத்தச் சொல்லி வரும் மனுக்களை விசாரிக்கும் குழு அது.

டாரா ஹக்கபி கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நடந்தேன் மேடம். முதுகுல முப்பத்தஞ்சு பவுண்டு மூட்டையோட."

அமெரிக்காவின் பெக்லி ஊரில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் பின்னறை அது. பக்கத்து நாற்காலியில், புது டை கழுத்தை இறுக்க, ரூஃபஸ் கிலியம் உட்கார்ந்திருந்தார். பயிற்சி முகாமில் அவளுடைய சார்ஜென்டாக இருந்தவர். 'ஹக்கபி, ஆமைகூட உன்னைத் தாண்டிப் போயிடுச்சு!' என்று அவள் காதுக்குள் கத்திய மனிதர்.

ஒன்பது வருடம் கழித்து இன்று காலைதான் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டார்கள். அவர் நலம்கூட விசாரிக்கவில்லை. "கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாது, புரியுதா?" என்றார், அதே பழைய குரலில்.

நடுவில் இருந்த கர்னல் ஓடெல் காகிதத்தைப் புரட்டினார். "பதிவுல இருக்கிறதைப் படிக்கிறேன். பன்னிரண்டு மைல் நடைப் பயிற்சி. எட்டாவது மைல்ல ஹக்கபி கீழ விழுந்தாங்க. யாரும் வழியில நிக்கக்கூடாது, எல்லாரும் நடந்தே முடிக்கணும்னு கேப்டன் வயர்லெஸ்ல உத்தரவு போட்டிருக்கார். அதை மீறி, அனுமதி இல்லாம முகாம் வண்டி கேட்டைத் தாண்டி வெளியே போயிருக்கு. அதுக்காகத்தான் இந்தக் கௌரவமற்ற விடுவிப்பு. சரியா?"

"சரி சார்."

அந்தச் சான்றிதழ் உள்ளவருக்கு நல்ல வேலை கிடையாது, படைவீரர் ஆஸ்பத்திரி கிடையாது. ஊரில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது. ஒன்பது வருடமாக அதுதான் கதை.

மேஜர் விடுவதாக இல்லை. "ஆறாவது மைல்ல முதலுதவிச் சிப்பாய் பார்த்துட்டு, வெறும் சதைப்பிடிப்புன்னு எழுதியிருக்கார். சதைப்பிடிப்புக்கு யாராவது உத்தரவை மீறுவாங்களா? எலும்புதான்னு அந்த இடத்துல எப்படித் தெரிஞ்சது?"

டாரா தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"பத்து நிமிஷம் இடைவேளை," என்றார் கர்னல். திரை இருண்டது.

கிலியம் உடனே அவள் பக்கம் திரும்பினார். "அதைச் சொல்லாதே."

"எதை?"

"எதைன்னு உனக்கே தெரியும். சொன்னா உனக்குத்தான் நாசம். அடுத்த மாசம் படைவீரர் ஆஸ்பத்திரியில உனக்கு ரெண்டாவது ஆபரேஷன். அது நடக்கணுமா, வேண்டாமா?"

"மிரட்டுறீங்களா சார்ஜென்ட்?"

"மிரட்டுறேன்னே வச்சுக்கோ."

காபி கொண்டுவந்த சங்கத்து வெர்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "விசாரணை அங்க நடக்குதா, இங்க நடக்குதா?" என்று முணுமுணுத்தபடி கோப்பைகளை வைத்துவிட்டுப் போனாள். இருவரும் காபியைத் தொடவில்லை.

திரை மறுபடி ஒளிர்ந்ததும் மேஜர் அதே கேள்வியைக் கேட்டாள். "எலும்புதான்னு எப்படித் தெரிஞ்சது?"

கிலியம் பலமாக இருமினார். டாரா நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப்போட்டாள்.

"பதினேழு வயசுல குதிரையில இருந்து விழுந்தேன் மேடம். இதே இடுப்பு, இதே இடம். ராணுவத்துல சேரும்போது விண்ணப்பத்துல அதை மறைச்சுட்டேன்."

"ஹக்கபி!" கிலியம் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க, மிஸ்டர் கிலியம்," என்றார் கர்னல். "நீங்க சொல்லுங்க."

"எட்டாவது மைல்ல உள்ள ஏதோ முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. பழைய விஷயத்தை அப்பத்தான் சார்ஜென்ட் கிட்ட சொன்னேன். பக்கத்துல வேற யாரும் இல்ல. அதுக்கப்புறம்தான் வண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிச்சு. இன்னும் ஒரு மணி நேரம் நடந்திருந்தா காலே போயிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

"இது ஏன் அன்னிக்கு விசாரணையில வரல?"

"பயந்துபோய் நான் வாயைத் திறக்கல. தெரிஞ்ச இன்னொருத்தரும் திறக்கல."

மேஜர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பொய் சொல்லி ராணுவத்துல சேர்ந்ததா, உறுதிமொழி எடுத்துட்டுச் சொல்றீங்க," என்றார் கர்னல், நிதானமாக. "இதனால உங்க கையை விட்டு என்னென்ன போகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க? ஏன்?"

கிலியம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். டாரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னோட சான்றிதழ்ல ஒரு கறையும் இல்ல சார். அன்னிக்கு என்னைத் தூக்கி வண்டியில போட்டு ஓட்டிட்டுப் போனாரே, இவரோடதைத்தான் நீங்க மாத்தணும்."